பட்டமில்லாமல், வழக்கோடு: ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போக நினைப்பவருக்கு

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பட்டம் வேண்டாம், 120 மணி நேர இணையச் சான்றிதழ் இருந்தால் போதும் என்ற பேச்சு கைபேசி விளம்பரங்களின் வழியே வேடசந்தூர் நூற்பாலை விடுதிகள் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், கல்லூரியில் அரியர் தீராதவர், எப்போதோ ஒரு அடிதடியில் பெயர் சேர்க்கப்பட்டு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தவர் என்று, உள்ளூரில் நல்ல வேலைக் கதவு மூடியதாக நினைக்கிற பலருக்கும் இந்தப் பேச்சு இனிக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து கிளம்பும் ஒருவருக்கு இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் பட்டமில்லாமல் சட்டப்படி ஆங்கில ஆசிரியராகப் போகக்கூடிய நாடு ஏறக்குறைய இல்லை. குறுக்கு வழிக்கு என்று ஏஜென்டிடம் கொட்டுகிற பணமும் காலமும் ஒரு பட்டத்தை முடிக்கவும் ஒரு வழக்கை ஒழுங்காக முடித்துக்கொள்ளவும் போதும். அதுவரை கற்பித்துச் சம்பாதிக்க விமானம் ஏற வேண்டியதில்லை.

இந்தப் பேச்சு யாருக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே உலகம் சுற்றும் கலாசாரம் அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய இளைஞர்களுடையது. அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை அவர்களுடைய பாஸ்போர்ட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. தென்கொரியாவின் இ-2 என்ற மொழி ஆசிரியர் விசா பொதுவாக ஏழு நாட்டவருக்கே தரப்படுகிறது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. சீனாவும் ஆங்கில ஆசிரியர் என்றதும் பெரும்பாலும் இதே பட்டியலைத்தான் பார்க்கிறது. 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தம் இந்தியர்கள் ஆங்கில உதவி ஆசிரியராக நுழைய ஒரு சிறு வாசலைத் திறந்தது. அந்த வாசலிலும் பட்டமும் கற்பித்தல் தகுதியும் கேட்கிறார்கள். பட்டமில்லாத அமெரிக்கருக்கு ஒரு தடை என்றால், பட்டமில்லாத திண்டுக்கல்காரருக்கு இரண்டு. அவருக்குப் பயன்பட்ட ஆலோசனையை இவர் அப்படியே எடுத்துக்கொண்டால் முதல் படியிலேயே இடறும்.

மற்ற நாடுகளும் பெரிதாக வேறுபடவில்லை. வெளிநாட்டவரை உதவி ஆசிரியர்களாக அழைக்கும், 1987 முதல் நடக்கும் ஜப்பானின் ஜெட் திட்டம் பட்டமில்லாத விண்ணப்பத்தைப் பார்க்காது. தாய்லாந்துப் பள்ளிகளில் வேலை செய்யப் பட்டம், வேலை அனுமதி, ஆசிரியர் கவுன்சிலின் உரிமம் அல்லது தற்காலிக விலக்கு ஆகியவை தேவை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டவர் என்றால் டோயிக், ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வு மதிப்பெண்ணையும் காட்ட வேண்டும். வியட்நாம் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், போலீஸ் சான்று மூன்றையும் கேட்கிறது. வளைகுடாப் பள்ளிகளில் பட்டத்தோடு பி.எட்.டும் அனுபவமும் எதிர்பார்ப்பார்கள். இந்திய ஆசிரியர்கள் வெளிநாடு போனதே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எத்தியோப்பியாவின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இந்தியர்கள் பல பத்தாண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறார்கள். மாலத்தீவுப் பள்ளிகளில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஓர் அரசின் அழைப்பின் பேரில் போனவர்கள். நமக்கென்று ஒரு வழித்தடம் உண்டென்றால் அது இதுதான்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். கம்போடியாவிலும் தாய்லாந்திலும் பட்டமில்லாமல் பாடம் எடுப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கம்போடியாவில் பல தனியார் பள்ளிகள் பட்டமில்லாத வெளிநாட்டவரை நெடுங்காலமாக வேலைக்கு வைத்திருக்கின்றன. தாய்லாந்திலும் சுற்றுலா அனுமதியில் வந்து வகுப்பெடுப்பவர்கள் உண்டு. ஆனால் தாய்லாந்தில் அனுமதியில்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அதன்பின் இரண்டு ஆண்டுகள் வேலை அனுமதிக்குத் தடை என்று சட்டம் இருக்கிறது. பிடிபடாமல் இருந்தாலும் நிலைமை நன்றாக இருக்காது. சம்பளத்தைப் பாதி கொடுத்து மீதியை நிறுத்திக்கொள்ளும் முதலாளி மீது புகார் கொடுக்க இவரால் முடியாது. புகார் கொடுக்கப் போனால் முதல் குற்றவாளி இவர்தான். சட்டத்துக்கு வெளியே வேலை செய்பவருக்கு ஊதியம் என்பது முதலாளியின் தயவு. அதோடு நாடு கடத்தப்பட்ட முத்திரை ஒருமுறை பாஸ்போர்ட்டில் விழுந்துவிட்டால், பிற்பாடு பட்டம் வாங்கினாலும் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தென்கிழக்கு ஆசியாவில் பட்டம் கேட்காமல், ஆங்கிலம் பேசத் தெரிந்த இந்திய இளைஞரை டிக்கெட் போட்டு அழைத்துப்போகத் துடிக்கும் ஒரு தொழில் இருக்கிறது: இணைய மோசடி. மியான்மரின் மியாவடி, கம்போடியாவின் சிஹானுக்வில் போன்ற இடங்களில் மதில் சூழ்ந்த வளாகங்களுக்குள் ஆட்களை அடைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இருப்பவர்களைக் கைபேசியில் ஏமாற்றும் வேலையைச் செய்யவைக்கிறார்கள். செய்யாவிட்டால் அடி. வெளியே போக வேண்டுமென்றால் மீட்புப் பணம். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்படுவதாக மதிப்பிட்டது. 2025 ஜூனில் ஆம்னஸ்டி அமைப்பு கம்போடியாவில் மட்டும் குறைந்தது 53 வளாகங்களை அடையாளம் காட்டியது. இதில் தமிழ்நாட்டுக்காரர்களும் சிக்கினார்கள். 2022 அக்டோபர் 5 அன்று மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட 13 பேர் தமிழ்நாடு வந்து சேர்ந்தார்கள். 2024 மார்ச் இறுதியில் கம்போடியாவிலிருந்து சுமார் 250 இந்தியர்களை மீட்டுவிட்டதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. 2025 மார்ச் 10, 11 தேதிகளில் மியான்மர் எல்லையை ஒட்டிய தாய்லாந்தின் மே சோட் நகரத்திலிருந்து இந்திய விமானப்படை விமானங்கள் 549 பேரைத் திருப்பிக் கொண்டுவந்தன. வேலையின் பெயர் டேட்டா என்ட்ரி, கால் சென்டர், டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும். பட்டம் பரவாயில்லை, ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்ற நிபந்தனை மட்டும் மாறாது. ஆசிரியர் வேலைக்கும் இதே நிபந்தனையோடு அழைப்பு வந்தால், அழைப்பவருக்கு உங்கள் ஆங்கிலம் எதற்குத் தேவைப்படுகிறது என்று இருமுறை யோசியுங்கள்.

நம் அரசு இதையெல்லாம் வடிகட்டாதா என்று கேட்கலாம். வடிகட்டி இருக்கிறது, ஆனால் அது உங்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது ஒப்பந்தம், சம்பளம், முதலாளி விவரம் எல்லாம் ஓரளவு சரிபார்க்கப்படும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்தச் சோதனை கிடையாது. அந்தப் பட்டியலில் தாய்லாந்து இருக்கிறது. கம்போடியாவும் மியான்மரும் இல்லை. ஆக, சவூதிக்குக் கொத்தனாராகப் போகும் ஒருவருக்கு இருக்கிற பாதுகாப்பு, நிலக்கோட்டையிலிருந்து கம்போடியாவின் நாம்பென்னுக்கு ஆசிரியராகப் போவதாக நினைத்துக் கிளம்பும் பன்னிரண்டாம் வகுப்புக்காரருக்கு இல்லை. படித்தவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. நடந்த கதைகளைப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

எனவே சரிபார்க்கும் வேலையை நீங்களே செய்ய வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்த முகவராக இருக்க வேண்டும். அவருடைய பதிவெண்ணை அரசின் இமைகிரேட் தளத்தில் தேடலாம். பதிவு செய்த முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பேரம் தொடங்கினால் அந்த ஒரு காரணமே எழுந்து வரப் போதும். சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர் சட்டவிரோத வேலைக்குத்தான் அனுப்புகிறார், அது பள்ளிக்கூடமாக இருந்தாலும் சரி. தமிழ்நாடு அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தனியார் ஏஜென்டின் அலுவலகத்தில் கையெழுத்திடுமுன் அங்கே என்ன அறிவிப்பு வந்திருக்கிறது என்று பார்ப்பதில் நஷ்டமில்லை. தொடக்கத்தில் சொன்ன 120 மணி நேர டெஃபில் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது பட்டத்தோடு சேர்ந்தால் மதிப்புள்ளது, பட்டத்துக்குப் பதிலாக வராது. கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ் கூட, சேரப் பட்டம் கட்டாயமில்லை என்றாலும், விசா அதிகாரியின் மேசையில் பட்டத்தின் இடத்தை நிரப்பாது.

பட்டம்தான் தடை என்றால் பட்டத்தை வாங்கிவிடலாமே என்று கிளம்புபவர்களும் உண்டு, அதாவது விலைக்கு. இதை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். இந்தியப் பட்டம் வெளிநாட்டில் செல்ல வேண்டுமானால் மாநில அளவில் சரிபார்த்து, வெளியுறவு அமைச்சகம் அபோஸ்டில் முத்திரை வைக்க வேண்டும். 2005 முதல் இந்தியா அபோஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. அதில் சேராத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் தேவைப்படும். சரிபார்க்கப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பதுண்டு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. போலி ஆவணத்தை உண்மையானதாகக் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் தனிக் குற்றம். வழக்கில்லாதவர் வழக்கோடு நிற்க இதைவிட நேரான வழி இல்லை.

உண்மையான பட்டத்துக்கு வருவோம். திறமை வேறு, காகிதம் வேறு என்பது இந்த இடத்தில் வரும் இரண்டாவது மறுப்பு. அது நியாயமானதுதான். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையே தன்னார்வலர்களாக அரசு எடுத்தது, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்தது. பட்டமில்லாதவரால் கற்பிக்க முடியும் என்பதற்கு இதைவிட அதிகாரபூர்வமான சாட்சி வேண்டாம். ஆனால் பாங்காக்கிலோ சியோலிலோ இருக்கும் குடியேற்ற அதிகாரி உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அவர் சரிபார்க்கக்கூடியது காகிதத்தை மட்டும்தான். அந்த விதி நியாயமா என்று விவாதிக்கலாம், அதைச் சுற்றிக்கொண்டு போக முடியாது.

மூன்று வருஷம் வீணாகுமே, வயசு ஓடிவிடுமே என்பது அடுத்த கவலை. கணக்குப் போட்டுப் பார்த்தால், பட்டமில்லாமல் போய் இரண்டே வருஷத்தில் திருப்பி அனுப்பப்பட்டு, அதன்பின் இரண்டு வருஷத் தடையோடு உட்கார்ந்திருப்பது இதைவிட நீளமான காலம். செலவும் பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. திண்டுக்கல்லில் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி, நிலக்கோட்டையில் அரசு மகளிர் கல்லூரி, பழனியில் அருள்மிகு பழனியாண்டவர் கலைக் கல்லூரி, சின்னாளப்பட்டியை ஒட்டிக் காந்திகிராமக் கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று, பேருந்தில் போய்ப் படித்துவிட்டுப் பேருந்தில் திரும்பும் தூரத்தில் இடங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் நேரடியாகச் சேரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வேலையை விட முடியாதவருக்கு மதுரை மண்டல மையத்தின் கீழ் வரும் இக்னோவும், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பே முடிக்காதவர் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டு அதன்பின் பட்டத்துக்குச் சேர வேண்டும். பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்து வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தை உள்ளூர் அரசு வேலைக்கே ஏற்பதில்லை. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. வளைகுடா நாடுகளில் சில, தொலைதூரக் கல்விப் பட்டத்தை ஒப்புக்கொள்ளத் தயங்கும். நேரடி வகுப்புக்கு ஒரு வாய்ப்பு இருந்தாலும் அதையே எடுங்கள்.

இனி வழக்கு. பட்டத்தைவிட இது மனதை உறுத்தும் விஷயம், குழப்பமும் அதிகம். கற்பிக்க வருபவரின் பழைய வாழ்க்கையை ஏன் கிளறுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு 2007ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியராக இருந்த கிறிஸ்டோபர் பால் நீல் என்ற கனடா நாட்டவர், ஆசியச் சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்த படங்களின் வழியே இன்டர்போலால் தேடப்பட்டு, அந்த அக்டோபரில் தாய்லாந்தில் கைதானார். அந்த ஆண்டு முடிவதற்குள் கொரியா தன் ஆசிரியர் விசாவுக்குக் குற்றப் பின்னணிச் சான்றைக் கட்டாயமாக்கியது. மற்ற நாடுகளும் அடுத்தடுத்து இறுக்கின. குழந்தைகள் இருக்கும் அறைக்குள் யாரை விடுகிறோம் என்ற கேள்வி நியாயமானது. போக்சோ வழக்கில் தண்டனை பெற்றவருக்கு இந்தத் தொழிலில் இடமில்லை, அவருக்கு வழிகாட்ட இந்த அத்தியாயமும் முன்வராது. ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில் பெயரில் கேஸ் இருக்கிறது என்று அஞ்சிக்கொண்டிருக்கும் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். வரப்புத் தகராறு, திருவிழாச் சண்டை, மறியல், பைக் விபத்து, கொரோனா ஊரடங்கு மீறல் இவைதான் அந்த வழக்குகள். அந்த ஊரடங்கு வழக்குகளில் சுமார் 10 லட்சத்தை வாபஸ் வாங்குவதாக அரசு 2021 பிப்ரவரியில் அறிவித்தது. அதில் தன் வழக்கு சேர்ந்ததா என்று பலர் இன்னும் பார்க்கவே இல்லை.

வழக்கு என்ற ஒரே சொல்லுக்குள் சட்டம் பல படிகளை வைத்திருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாமல் எந்த விண்ணப்பத்தையும் நிரப்பக்கூடாது. எஃப்.ஐ.ஆர். மட்டும் பதிவாகி விசாரணையில் இருந்தால், அது பாஸ்போர்ட் சட்டம் சொல்லும் நிலுவை வழக்கு ஆகாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்துக்கொண்ட பிறகே அது நிலுவையில் உள்ளதாகக் கருதப்படும் என்று வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. விசாரணை கைவிடப்பட்டிருந்தால் ஸ்டேஷனிலிருந்து அதைச் சொல்லும் ஆர்.சி.எஸ். நோட்டீஸைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குற்றப்பத்திரிகை கோப்பில் ஏறிவிட்டால் 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு தடுக்கும். அப்போதும் வழி அடைந்துவிடவில்லை. 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றம் வெளிநாடு செல்ல அனுமதி தந்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். எவ்வளவு காலத்துக்கு என்று நீதிமன்றம் சொல்லவில்லையென்றால் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும், அதில் ஆசிரியர் வேலை ஒப்பந்தம் போடுவது கடினம். தண்டனை பெற்றவர்களில், கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கே பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் வரும். விசா வேறு சங்கதி.

இங்கே அதிகம் பேர் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. சின்ன வழக்குதானே என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு, கேஸ் முடிந்தது என்று வீடு திரும்புவார்கள். கேஸ் முடிந்தது உண்மை. ஆனால் அது தண்டனையாக முடிந்தது. எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா என்ற விசா கேள்விக்கு அதன்பின் இல்லை என்று எழுத முடியாது. வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர், ஐநூறு ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்குமுன், சமரசமாகக்கூடிய பிரிவா, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். தண்டனை தவிர்க்க முடியாதது என்றால், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்கக் கேட்கலாம். அதன் 12ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. 18 வயதுக்கு முன் நடந்தது என்றால், சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சில கடுமையான வழக்குகளைத் தவிர்த்து உங்களைக் காக்கும். வசதியில்லாதவர், பெண்கள், பட்டியல் இனத்தவர் ஆகியோருக்குத் திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும்.

சொல்லாமலே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இந்தக் கேள்வி பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்கத் தகுந்தது. இன்று இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயரைத் தட்டினால் வழக்கு வந்து நிற்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பின் பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏறுகின்றன. பாஸ்போர்ட் படிவத்தில் வழக்கை மறைப்பது பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம், பாஸ்போர்ட்டும் பறிபோகும். சின்ன வழக்கைப் பல நாட்டு விசா அதிகாரிகள் விளக்கம் கேட்டு விட்டுவிடக்கூடும். பொய்யை விடமாட்டார்கள். ஆகவே முதல் வேலையாக உங்கள் பெயரை நீங்களே தேடுங்கள். விடுதலையாகியிருந்தால் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடு கோப்பில் வையுங்கள். பிறகு பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டிப் போலீஸ் கிளியரன்ஸ் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. அந்தச் சான்று கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிந்துகொள்வதற்கு முன் எந்தப் பயிற்சிக்கும் எந்த ஏஜென்டுக்கும் பணம் கட்ட வேண்டாம்.

குற்றமற்றவர் என்று விடுதலையான பிறகும் பெயர் இணையத்தில் தொங்குவது அநியாயம் இல்லையா? அநியாயம்தான் என்பது என் கருத்து. ஆனால் சட்டம் இன்னும் தள்ளாடுகிறது. விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கேட்டதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் அதே வழக்கின் மேல்முறையீட்டில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் மறைக்க உத்தரவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பெயர் மறையும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். பெயர் தெரியும் என்று வைத்துக்கொண்டு, கையில் தீர்ப்பின் நகலோடு போங்கள்.

பட்டமும் வழக்கும் ஒரு முடிவுக்கு வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பிரெப்ளி போன்ற இணையத் தளங்கள் ஆசிரியரிடம் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, இந்தியர்களையும் சேர்க்கின்றன, விசாவும் வேண்டாம். முதல் சோதனை வகுப்பின் கட்டணம் முழுவதையும் தளம் எடுத்துக்கொள்ளும், பிறகு 33 சதவீதத்தில் தொடங்கும் கழிவு, வகுப்பு மணிகள் கூடக்கூட 18 சதவீதம் வரை இறங்கும். ஆங்கிலத்தில் போட்டி கடுமை. அங்கேயும் அமெரிக்க உச்சரிப்பைத் தேடும் மாணவர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். அலுவலக ஆங்கிலம், நேர்காணல் பயிற்சி என்று பெரியவர்களுக்கான குறுகிய ஒரு துறையைப் பிடித்தால் நிற்கலாம். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இதே தளங்களில் தமிழ் கற்க வருபவர்களும் இருக்கிறார்கள், வெளிநாட்டில் வளர்ந்து தாத்தா பாட்டியோடு பேசத் தவிக்கும் இளைஞர்கள் உட்பட. ஆங்கிலத்தில் நம்மைப் பின்னுக்குத் தள்ளுகிற தாய்மொழிக்காரர் என்ற முன்னுரிமை அங்கே நமக்கே கிடைக்கிறது. இதை ஏன் இத்தனை பேர் யோசிப்பதில்லை என்பது எனக்கு வியப்பு. எந்த மொழியானாலும், இரண்டு வருஷம் இணையத்தில் பாடம் எடுத்த பதிவும் மாணவர் மதிப்பீடுகளும், பட்டம் கைக்கு வரும் நாளில் அனுபவமாகப் பேசும்.

வெளிநாட்டில் ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையில் தவறேதும் இல்லை. நாளை காலையே செய்யக்கூடியது இரண்டு: இ-கோர்ட்ஸில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள், உங்களிடம் பணம் கேட்டிருக்கும் ஏஜென்டின் பதிவெண்ணை இமைகிரேட்டில் தேடிப் பாருங்கள். அந்த எண் இல்லையென்றால், கொடுத்த முன்பணத்தைக் கேட்டு வாங்கி, அதைக் கல்லூரிச் சேர்க்கைக்குக் கட்டுங்கள்.